டீசல் டிரம்களைப் பார்த்து வாங்கிய பங்கு

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பங்குச் சந்தையில் காசு போட்டிருக்கிறேன். எண்ணெய்க் கம்பெனிப் பங்கு. இன்னும் சரியாகச் சொன்னால், எண்ணெய் எடுப்பதற்காகப் பூமியில் துளை போட்டுக் கொடுக்கும் கம்பெனியின் பங்கு. மலாயாவின் அவசரகாலத்தில், கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து முள்வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு, உலகத்து எண்ணெய் விலை எந்தப் பக்கம் போகும் என்பது எனக்குத் தெரியும் என்று நம்பினேன். லண்டனில் இருப்பவர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்றுகூட நம்பினேன். அன்றைக்கு யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லாததுதான் காரணம்.

நான் அந்தத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்குக் கணக்கப்பிள்ளை. மண்வெட்டி, பால்வெட்டுக் கத்தி, பால் உறைய வைக்கும் திராவகம், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் என் பொறுப்பு. எது தீர்ந்துபோகிறதோ அதற்கு மாதக் கடைசியில் தேவைப் பட்டியல் எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். பெரிய மூளை தேவைப்படும் வேலை இல்லை. ஆனால் பத்து வருஷம் ஒரே வேலையைச் செய்தவனுக்கு, தன் ஸ்டோர் வாசல் வழியாகத்தான் உலகமே நடந்து போகிறது என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

அவசரகாலம் தொடங்கிய இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, தோட்டத்தின் மூன்று பிரிவுகளிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் இரட்டை முள்வேலி போட்டார்கள். எங்களைப் போன்ற ஆபீஸ்காரர்களின் வீடுகளும் வேலிக்குள்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட் மூடிவிடும். காலை ஆறரைக்குத் திறக்கும். லயங்களைப் பெயர்த்தவர்கள் பள்ளிக்கூடத்தைப் பெயர்க்கவில்லை. அது பழைய இடத்திலேயே, வேலிக்கு வெளியே அரை மைல் தள்ளி நின்றது.

என் மனைவி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எனவே ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் கேட்டைத் தாண்ட வேண்டும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது அரசாங்கத்தின் திட்டம். சோறு, சர்க்கரை, உப்புக் கருவாடு எதுவும் வெளியே போகக் கூடாது. ஆண்களைக் காவல்காரர்கள் கேட்டிலேயே தடவிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்குத் தகரத்தில் ஒரு மறைப்பு இருந்தது. அதற்குள் சோதனை போடும் பெண் ஒருத்தி இருப்பாள். சேலை மடிப்பை உதறச் சொல்வாள். கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். கொண்டைக்குள் அரிசிப் பொட்டலம் வைத்துக் கொண்டுபோனவர்கள் எங்கேயோ பிடிபட்டார்களாம். அதன் பிறகு கொண்டை வைத்த எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆகிவிட்டார்கள்.

என் மனைவி கொண்டை போடுகிறவள். பின்னல் போட்டுக்கொண்டு போனால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்காக நான் ஏன் என் தலையை மாத்தணும்?" என்று கேட்டாள். அவளிடம் சோதனைக்காரி மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வாள். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று காட்டத்தானோ என்னவோ. என் மனைவி வெளியே வந்து, கொண்டை ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடந்தபடியே கொண்டையை மறுபடி போடுவாள். அவளுடைய மாணவர்கள் அவளுக்கு முன்னும் பின்னும் நடந்து போவார்கள்.

"நான் ஒரு நாளும் அரிசி கடத்துனதில்ல. ஆனா தெனமும் காலையில கடத்துனவ மாதிரி நிக்கிறேன்" என்று ஒரு முறை சொன்னாள். அழவில்லை. சோற்றுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, விலைவாசியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். நான் பதிலுக்கு ஏதோ முனகிவிட்டு வெளியே போய்விட்டேன். சங்கடமான பேச்சு வந்தால் அப்போதெல்லாம் நான் செய்யும் காரியம் அதுதான்.

எங்கள் தோட்டத்திலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் புக்கிட் பெலிம்பிங். அங்கே ஒரு பலகை வீடு விலைக்கு வந்தது. தகரக் கூரை, பக்கத்திலேயே கிணறு, பின்னால் நாலு ரம்புத்தான் மரம். கோல சிலாங்கூர் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் வீடு அது. அவருக்கு நாகப்பட்டினம் பக்கம் கடற்கரை ஊர். வயதாகிவிட்டது, ஊரோடு போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். அவர் வீட்டுக்கு அருகிலேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியைக்கு இடம் காலியாக இருந்தது. என் மனைவி இதையெல்லாம் எனக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். அவள் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போய், அங்கிருந்து சாலைக்கு எத்தனை அடி என்று நடந்து பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"என்ன தங்கச்சி, வீட்டுக்குள்ள பாக்கலியா?" என்றார் நானா.

"வாசல்ல கேட் இல்லல்ல நானா? அது போதும்" என்றாள்.

நானா சிரித்தார். எங்களைப் பிடித்திருந்தது போலும், அவர் சொன்ன விலை நியாயமாகவே இருந்தது. எங்கள் இருவருடைய சேமிப்பையும் சேர்த்தால் அதில் பாதிக்குச் சற்று மேல் வரும். நான் தலையைச் சொறிந்தேன். "அவசரமில்ல தம்பி. வர்ற ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பொறுக்குறேன். அதுக்கப்புறம் எனக்குக் கப்பல். அதுக்கு முன்ன முழுசா குடுத்துடுங்க, வேற யாருக்கும் பேச மாட்டேன்" என்றார் நானா. ஏறக்குறைய ஒன்பது மாதம் இருந்தது. ஒன்பது மாதத்தில் எங்கள் சம்பளத்தில் மறுபாதியைச் சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. வட்டிக்கு வாங்க அவள் சம்மதிக்க மாட்டாள். ஆக, இருக்கிற பாதியே வளர்ந்து முழுசாக வேண்டும். என் புத்தி பங்குச் சந்தைப் பக்கம் போனது இப்படித்தான்.

துரைக்கு லண்டனிலிருந்து கப்பலில் ஒரு வியாபாரப் பத்திரிகை வரும். முதலில் துரை படிப்பார், பிறகு சின்னதுரை, பிறகு பெரிய கிராணி. கடைசியில் விளக்குக் கண்ணாடிகளைச் சுற்றி வைப்பதற்காக என் ஸ்டோருக்கு வரும். என் கைக்கு வரும்போது அதற்கு இரண்டு மாத வயது ஆகியிருக்கும். நான் கண்ணாடியைச் சுற்றுவதற்கு முன் படித்துவிடுவேன். அந்த வருஷம் பத்திரிகை முழுக்க எண்ணெய்ப் பேச்சுதான். சூயஸ் கால்வாய் தகராறு முற்றியிருந்தது. கால்வாய் அடைபட்டால் எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும், விலை எகிறும் என்று ஒருவர் எழுதுவார். அடுத்த பக்கத்திலேயே, அமெரிக்காவில் எண்ணெய் தேவைக்கு மேல் கிடக்கிறது, விலை சரியும் என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டு பேரும் சொன்னதை அடித்துச் சொன்னார்கள்.

நான் மூன்று கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்தேன். ஒன்று பழைய பெரிய கம்பெனி. கிணறு, கப்பல், பெட்ரோல் கடை எல்லாம் வைத்திருந்தது. ஒழுங்காக லாபம் கொடுக்கும், ஆனால் ஆமை வேகம். ஒன்பது மாதத்தில் அது எனக்கு வீட்டுக் கதவைக்கூட வாங்கித் தராது. இரண்டாவது, போர்னியோ பக்கம் காட்டிலும் கடலிலும் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த சின்னக் கம்பெனி. கிடைத்தால் அள்ளலாம், கிடைக்காவிட்டால் பங்குப் பத்திரத்தில் வடை மடிக்கலாம். மூன்றாவதுதான் என் மனதுக்குப் பிடித்தது. அதற்குச் சொந்தமாக ஒரு கிணறும் கிடையாது. துளை போடும் இயந்திரங்களையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட கம்பெனிக்குப் போய் நாள் வாடகைக்குத் துளை போட்டுக் கொடுக்கும். கீழே எண்ணெய் இருந்தாலும் சேறு இருந்தாலும் அதற்குக் கூலி வந்துவிடும்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் தோட்டத்தில் காடு வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர் இருந்தார். கொரியாவில் சண்டை நடந்தபோது ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. துரைமார் எல்லோரும் புதுசாகக் கன்று நட ஓடினார்கள். கன்று நட்டவனுக்குப் பால் வர ஏழு வருஷம் ஆகும். காடு வெட்டிக் கொடுத்தவர் அந்த வருஷமே கார் வாங்கிவிட்டார். எண்ணெயிலும் துளை போடுகிறவன்தான் காடு வெட்டுகிறவன் என்று கண்டுபிடித்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ரப்பர் விலை இறங்கியபோது அந்தக் கார் எங்கே போனது என்று மட்டும் யோசிக்கவில்லை.

சரி, எண்ணெய் விலை ஏறுமா, இறங்குமா? பத்திரிகையோ இரண்டு மாதப் பழசு. அங்கேதான் எனக்கு ஞானம் பிறந்தது. பத்திரிகை எதற்கு? டீசல் என் ஸ்டோருக்குள்ளேயே இருக்கிறதே!

அந்த வருஷத் தொடக்கத்தில் மாதம் நான்கு டிரம் டீசலுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை எஞ்சினுக்கும், வேலி விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் எஞ்சினுக்கும் அது போதும். பிறகு வேலி விளக்குகள் விடியும்வரை எரிய வேண்டும் என்று போலீஸிலிருந்து உத்தரவு வந்தது. ஆறு டிரம் ஆனது. ஆற்றுப் பக்கத்து வேலிக்கும் கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். எட்டு ஆனது. இரண்டாவது எஞ்சின் வந்தது. பத்து ஆனது. நான் பட்டியல் எழுதுவதற்கு முன்பே டிரம் காலியாகிவிடும்.

டீசல் கொண்டுவரும் லோரி டிரைவர் ரவாங் பக்கத்தில் சுங்கை சோ என்ற ஊர்க்காரர். பல தோட்டங்களுக்கும் அவர்தான் இறக்குவார். டிரம்களை உருட்டிக்கொண்டிருந்தவரிடம், மற்ற இடங்களில் எப்படி என்று சாதாரணமாக விசாரிப்பது போலக் கேட்டேன்.

"எங்க போனாலும் இதே கதைதான் லா, கிராணி. போன வருஷம் நாலு எறக்குன எடத்துல இப்ப பத்து எறக்குறேன். என் முதுகு போச்சு. டீசல் விக்கிறவன் நல்லா டுயிட் பாக்குறான், நமக்குத்தான் தைலச் செலவு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோல சிலாங்கூரிலிருந்து கோலகுபு வரைக்கும் எல்லாத் தோட்டத்திலும் டீசல் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு! லண்டனில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது தெரியுமா? உலகம் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. அதன் முதல் மிடறு என் கண்ணெதிரில் நடக்கிறது. அந்த டீசல் எதற்காகச் செலவாகிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரியெல்லாம் என் ஜன்னல் வழியாகத்தானே அந்த வெளிச்சம் விழுந்தது. ஆனால் ஐந்தாறு வருஷம் வேலிக்குள் இருந்தவனுக்கு, உலகம் முழுக்க வேலி போட்டு விளக்கு எரிகிற மாதிரிதான் தோன்றியது. அப்படி நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கணக்கு அப்படித்தான் சொன்னது.

மனைவியிடம் பங்கு வாங்கும் யோசனையைச் சொன்னேன். அவள் பணமும் அதில் பாதி, சொல்லாமல் முடியாது. துளை போடும் கம்பெனியைப் பற்றி விளக்கினேன். பாடம் ஒப்பிக்கும் பையனைக் கவனிப்பது போலக் கடைசிவரை கேட்டாள்.

"எண்ணெய் வராட்டியும் அவனுக்குக் கூலி குடுப்பாங்க, சரி. கூலி குடுக்குறவங்களே இப்ப துளை போட வேணாம்னு நிறுத்திட்டா?"

"விலை ஏறும்போது யார் நிறுத்துவாங்க?"

"விலை ஏறும்னு எத வச்சுச் சொல்றீங்க?"

"எனக்கு ஒரு கணக்கு இருக்கு" என்றேன்.

கணக்கு என்ன என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டே நிமிஷத்தில் அவள் அதைப் பிரித்து மேய்ந்திருப்பாள் என்று உள்ளுக்குள் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரியும்னு சொல்றீங்க. சரி, போடுங்க. ஆனா அது வீட்டுக் காசு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள். கோலாலம்பூரில் ஒரு புரோக்கருக்குக் கடிதம் எழுதினேன். தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிற வாரத்தில் பங்கு வாங்கியதற்கான தாள் தபாலில் வந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும், முதலில் நன்றாகவே போனது. கால்வாய் அடைபட்டது. பெட்ரோல் தட்டுப்பாடு என்று பேப்பரில் வந்தது. புரோக்கர் மாதம் ஒரு முறை எழுதுவார், ஒவ்வொரு கடிதத்திலும் விலை கூடியிருந்தது. தைப்பூசம் வந்தபோது, வீட்டு விலைக்கு ஒரு சின்னத் தொகைதான் குறைந்தது. அதை ஆளுக்கு இரண்டு மாதச் சம்பளத்தில் சரிக்கட்டிவிடலாம்.

"வித்துடுங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஏறட்டும். மீதிக் காசும் அதுலயே வந்துடும். சமையல்கட்டு ஒன்னு இழுத்துக் கட்டலாம்" என்றேன்.

"எனக்குச் சமையல்கட்டு வேணாம். வீடு போதும்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதம் டீசல் பதினொரு டிரம். ஸ்டோருக்கு வெளியே டிரம்களை அடுக்கி வைத்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். சொந்தக் கிணற்றிலிருந்து எடுத்தது போல அவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

பிறகு விலை இறங்கியது. ஒரேயடியாக விழுந்திருந்தால் பயந்து விற்றிருப்பேன். அது மாடிப்படி இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கியது. கால்வாய் திறக்கப் போகிறது, திறந்துவிட்டது, கப்பல்கள் தேவைக்கு மேல் இருக்கின்றன, எண்ணெய் தேங்கிக் கிடக்கிறது, பெரிய கம்பெனிகள் புதுத் துளைகளை ஒத்திவைத்துவிட்டன. புரோக்கரின் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 'தாங்கள் யோசித்து முடிவு செய்யவும்' என்று ஒரு கடிதம் முடிந்திருந்தது. நான் யோசித்தேன். இவர்களெல்லாம் பேப்பரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், என்னிடம் டிரம் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த மாதம் பன்னிரண்டு டிரம்.

அவளும் ஒவ்வொரு மாதமும் கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும், திரும்ப ஏறும், எனக்குத் தெரியும் என்றேன். அவள் நச்சரிக்கிறவள் இல்லை. காலையில் கேட்டுக்குப் போவாள், கொண்டையை அவிழ்ப்பாள், போடுவாள், பாடம் நடத்துவாள், திரும்பி வருவாள். புக்கிட் பெலிம்பிங் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதித் தயாராகப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பணியில் சேரும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. பங்கின் விலை நான் வாங்கியதில் பாதிக்குக் கீழே போயிருந்தது. ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் துரை என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எங்கள் பகுதியை ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். இனி ஊரடங்கு கிடையாது, கேட்டில் சோதனை கிடையாது, உணவுக் கட்டுப்பாடு கிடையாது. வேலி விளக்கு எரிய வேண்டாம். ஒரு எஞ்சினைத் திருப்பி அனுப்பிவிடலாம். "உன் டீசலுக்கு இனி ஓய்வு, கிராணி" என்று வேடிக்கையாகச் சொன்னார். மேசையில் என்னுடைய தேவைப் பட்டியல் இருந்தது. பன்னிரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன்.

மூன்று என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒன்பது மாதம் விளங்காதது ஒரு எண்ணை எழுதுகிற நேரத்தில் விளங்கியது. நான் பார்த்தது எண்ணெய் விலையே இல்லை. வேலியைத்தான் இத்தனை நாளும் அளந்துகொண்டிருந்தேன். என் கணக்கு உலகத்தைப் பற்றியது என்று நினைத்தேன், அது சிலாங்கூரின் வடக்கில் சில மைல் முள்கம்பியைப் பற்றியது. இனி அந்தப் பங்கு ஏறுவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. வீடு போய்விட்டது. நானா சொன்ன சொல் தவறாமல் பெருநாள்வரை காத்திருந்துவிட்டு, அதை ஒரு மீன் வியாபாரிக்கு விற்றார். இது பின்னால் நடந்தது. ஆனால் துரையின் மேசை முன்னால் நிற்கும்போதே அது நடந்து முடிந்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

வெளியே கேட் பக்கம் சத்தம் கேட்டது. செய்தி அதற்குள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் கும்பலாகக் கேட் வழியே வெளியே போவதும், சாலையில் நின்றுவிட்டு உள்ளே வருவதும், மறுபடி வெளியே போவதுமாக இருந்தார்கள். ஒருத்தி ஒரு சுளகு நிறைய அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிக் காட்டினாள். காவல்காரர்களும் சிரித்தார்கள். தகர மறைப்பை இரண்டு பேர் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கே செய்தி வந்துவிட்டதாம். பிள்ளைகளுக்கு அரை நாள் விடுமுறை விட்டார்களாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எப்படிப் பேசுவாளோ அப்படி, மூச்சு விடாமல் பேசினாள். புடவைகூட மாற்றவில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு மேல் புக்கிட் பெலிம்பிங் போய் நானாவைப் பார்த்துவிட்டு இருட்டில் நிதானமாகத் திரும்பி வரலாம், இனி யார் கேட்பது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க? ஊரே சிரிக்குது. நீங்க ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். பங்கு இனி ஏறாது, வீடு கிடைக்காது என்றேன். எப்படித் திடீரென்று தெரியும் என்று கேட்டாள். அப்போதுதான் டீசல் கணக்கைச் சொன்னேன். நான்கு டிரம் ஆறானதையும், ஆறு பத்தானதையும், லோரி டிரைவர் சொன்னதையும், இன்று பன்னிரண்டை அடித்து மூன்று எழுதியதையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கே கேட்டது. அவள் கத்துவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமே எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். விளக்குக் கம்பங்கள் நின்றன, விளக்கு எரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப, இந்த வேலி தொறக்கக் கூடாதுன்னுதான் என் காசயும் சேத்துப் பந்தயம் கட்டியிருக்கீங்க."

அப்படியெல்லாம் இல்லை, நான் எண்ணெய் விலையை மட்டும்தான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று காலை, கேட்டில் பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது, உத்தரவு தவறாக வந்திருக்கக் கூடாதா, நாளைக்கே விளக்கை மறுபடி போடச் சொல்ல மாட்டார்களா என்று ஸ்டோர் வாசலில் நின்றபடி நான் ஏங்கியிருந்தேன். அவளிடம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.